காகிதத்தை ஒரு ராத்திரி வீட்டில் வைத்திரு: இருபது வயதில் உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டது என்ன?

மேட்டுத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் அக்கா மகனுக்கு முதல் வேலை கிடைத்தது. வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சேமித்து வை, நேரத்துக்குப் போ, மேலதிகாரியிடம் முறைத்துக்கொள்ளாதே. என் முறை வந்தபோது எனக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றுதான்: "யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அன்றைக்கே கையெழுத்து போடாதே. ஒரு ராத்திரி வீட்டில் வைத்திரு." அவன் சரி மாமா என்று தலையாட்டிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டான். அவனுக்கு ஏன் சொன்னேன் என்று புரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2009ல் எனக்கு 24 வயது. கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு, சம்பளம் 9,500. கூட வேலை செய்த ஒரு அண்ணன், என்னைவிட எட்டு வயது மூத்தவர், வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான். தங்கை கல்யாணத்துக்கு 3 லட்சம் தனிநபர் கடன் எடுக்கிறேன், ஜாமீனுக்கு ஒரு ஆள் வேண்டும், சும்மா ஒரு கையெழுத்துதான் தம்பி என்றார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவருடைய வண்டியிலேயே வங்கிக்குப் போனோம். ஏழெட்டு இடத்தில் கையெழுத்து. எதையும் படிக்கவில்லை. படித்தால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று பயந்தேன், அதுதான் உண்மை. திரும்பும்போது டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

பதினான்கு தவணை ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் வேலையை விட்டுவிட்டு ஊரையே விட்டுப் போய்விட்டார். எனக்குக் கடிதம் வந்தது. வங்கிக்கு ஓடி, "அவரைப் பிடியுங்கள் சார், எனக்கு ஏன் அனுப்புகிறீர்கள்" என்று கேட்டேன். மேலாளர் கோபப்படவில்லை. "சட்டப்படி நீங்களும் அவரும் எங்களுக்கு ஒன்றுதான் தம்பி, யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்" என்றார். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128. ஜாமீன்தாரருடைய பொறுப்பு கடன் வாங்கியவருடைய பொறுப்புக்குச் சமம். முதலில் அவர்மீது வழக்குப் போட்டு, முடியாவிட்டால்தான் என்னிடம் வர வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

நான் தள்ளிக்கொண்டே போனேன். 2014ல் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தபோது, நான் வாங்காத அந்தக் கடன் என் பெயரில், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் வாராக்கடனாக உட்கார்ந்திருந்தது. விண்ணப்பம் தள்ளுபடி. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, 2,14,000 கட்டி முடித்தேன்.

பணத்தைப் பற்றி எழுத நான் வரவில்லை. கட்டி முடித்த அன்று ராத்திரி அப்பாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 1988ல் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்காளிக்கு ஜாமீன் போட்டு, அவர் கட்டாமல் போய், கறவை மாட்டை விற்று அடைத்ததைச் சொன்னார். அந்த மாடு எனக்கு லேசாக நினைவிருக்கிறது. செத்துப்போனது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். "ஏன்ப்பா சொல்லவே இல்லை?" என்று கேட்டேன். "எப்படிடா சொல்றது, அப்பன் ஏமாந்தவன்னு நீ நினைப்பேல்ல" என்றார்.

எனக்கு வேண்டிய அறிவுரை அதே வீட்டில், அதே திண்ணையில் இருந்திருக்கிறது. வெட்கத்தால் வெளியே வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். உழைத்தால் உயரலாம் மாதிரி பொதுவாக வேண்டாம், உங்களுக்கு நடந்ததாக இருக்கட்டும்.

வைகைக்கரை

என் கையெழுத்து 2011ல் சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டது. கல்யாணமாகி இரண்டாவது வருடம், கையில் ஐந்து மாதக் குழந்தை. அம்மா ஃபோன் செய்து, அண்ணன் ஏதோ கடன் எடுக்கிறான், நிலத்துப் பேப்பரில் உன் கையெழுத்தும் வேண்டுமாம், காலையில் வந்துவிட்டு சாயங்காலம் போய்விடலாம் என்றார். போனேன். வெயில், கூட்டம், குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பத்திர எழுத்தர் விரலைப் பிடித்து ரேகை வைத்தார், ஃபோட்டோ எடுத்தார்கள், கையெழுத்து போட்டேன். முடிந்ததும் அண்ணன் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான்.

அது விடுதலைப் பத்திரம். என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாகவும் அதற்கு 10,000 ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும் அதில் எழுதியிருந்தது. அந்தப் பத்தாயிரத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது 2019ல், என் கணவர் வேறு ஏதோ வேலையாக, சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோது.

நிலம் அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துபோனார். அப்படியென்றால் அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சம பங்கு. இந்த உரிமை 1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பலர் 2005ல்தான் பெண்ணுக்குச் சொத்து வந்தது என்று நினைக்கிறார்கள். அது பூர்வீகச் சொத்து பற்றியது, அதுவும்கூட தமிழ்நாட்டில் கல்யாணமாகாத பெண்களுக்கு 1989லேயே கொடுத்தாகிவிட்டது. எனக்கு எதுவுமே தெரியாது. பி.எஸ்சி. கணிதம் முதல் வகுப்பில் தேறியவள் நான்.

அண்ணன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இதை யாரும் நம்புவதில்லை, ஆனால் சத்தியமாகக் கொடுத்திருப்பேன். அவனுக்குக் கஷ்டம் இருந்தது எனக்குத் தெரியும். கொடுத்த பெருமையாவது என்னிடம் இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

சாலைப்பூ

அக்கா, படித்துக் கண் கலங்கிவிட்டது. அதை இப்போது ரத்து செய்ய முடியாதா?

கோர்ட் வாசல்

நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் 17 வருடமாகக் குமாஸ்தா. வைகைக்கரை அம்மா சொன்னது மாதிரி மாதம் ஒருவராவது வருகிறார்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பதிவு அலுவலகத்தில் போய் வேண்டாம் என்று சொல்ல முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, ஏமாற்றினார்கள் அல்லது வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். அந்த விவரம் தெரியவந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். "படிக்காமல் போட்டுவிட்டேன்" என்பது மட்டும் நீதிபதிக்குப் போதாது, அதுவும் படித்தவர் சொன்னால்.

மேட்டுத்தெரு சார், உங்களுக்கும் ஒன்று. ஜாமீன்தாரராகக் கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை இருந்தது. கட்டிய தேதியிலிருந்து 3 வருடம். வங்கி ரசீதுதான் ஆதாரம். அதை யாராவது சொன்னார்களா?

மேட்டுத்தெரு

சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இப்போதுதான்.

வைகைக்கரை

சாலைப்பூ, 2019ல் தெரிந்தது, மூன்று வருடமும் தாண்டிவிட்டது. ஆனால் அதற்கு முன்னாலும் நான் போடவில்லை. அம்மா உயிரோடு இருக்கிறார், வழக்கு என்று போனால் அவர் கூண்டில் ஏற வேண்டும். எனக்கு இரண்டு பெண்கள். அவர்களுக்கு வில்லங்கச் சான்று எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். பெரியவளுக்குப் பதினைந்து வயது, பதிவுத்துறை இணையதளத்தில் அவளே எடுப்பாள்.

சாயப்பட்டறை

எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியது: பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் கடன் முடியாது, காகிதம் கைக்கு வந்தால்தான் முடியும்.

திருப்பூரில் நாலு மிஷின் வைத்து ஜாப் ஒர்க் பண்ணிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை டெய்லருக்குச் சம்பளம் போட்டே ஆக வேண்டும், பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை. பைனான்ஸ்காரரிடம் 50,000 வாங்கினேன். ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் சீட்டு) கையெழுத்து, தொகை எழுதாத செக் இரண்டு. நாலு மாதத்தில் வட்டியோடு முழுசாகக் கொடுத்துவிட்டேன். செக்கைக் கேட்டதற்கு, பீரோ சாவி வீட்டில் இருக்கிறது, நாளைக்கு வாங்கிக்கொள் என்றார். நாளை என்றது அடுத்த வாரமாகி, அப்புறம் நானும் மறந்துவிட்டேன். பழகிய மனுசன்.

ஒன்றரை வருடம் கழித்து அவருக்கும் எனக்கும் வேறு ஒரு விஷயத்தில் மனக்கசப்பு. ஒரு நாள் என் கணக்கில் 4 லட்சத்துக்கு செக் விழுந்து திரும்பியது. பதினைந்து நாளில் பணம் கொடு என்று வக்கீல் நோட்டீஸ், அப்புறம் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138ல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். தொகையை நான் எழுதவில்லை, அவர் எழுதியது என்று சொன்னேன். என் வக்கீலே சிரிக்காமல் சொன்னார், "கையெழுத்து உங்களுடையதுதானே?" வெற்று செக்கானாலும் தெரிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், 2019ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது நான். 50,000 திருப்பிக் கொடுத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, எல்லாம் கையில் கொடுத்தது. மூன்று வருடம் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் ஒன்றரை லட்சத்துக்குச் சமரசம் பேசி முடித்தேன்.

இப்போது யாருக்கும் வெற்று செக் கொடுப்பதில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொகை, தேதி, பெயர் எல்லாம் நானே எழுதிவிட்டுத்தான் கொடுப்பேன், ஃபோட்டோ எடுத்துக்கொள்வேன். பணம் திருப்பிக் கொடுப்பது வங்கி மூலமாக மட்டும். பணம் போன அன்றே புரோநோட்டு கைக்கு வர வேண்டும், சாவி எங்கே இருந்தாலும் சரி.

இரவுப்பணி

என்னுடையது சின்ன விஷயம். முதல் கம்பெனியில் சேரும்போது அசல் சான்றிதழ்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் வேலையை விட மாட்டேன் என்று பாண்ட். ஒன்பதாவது மாதம் அதைவிட நல்ல வேலை கிடைத்தது, சான்றிதழைக் காட்ட முடியாமல் அந்த வாய்ப்பு போனது. பத்தாவது மதிப்பெண் சான்றிதழிலிருந்து டிகிரி வரை ஒரே கவரில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன், வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. கல்லூரிகள் அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018ல் சொல்லிவிட்டது, கம்பெனியிலும் சரிபார்த்துவிட்டு அன்றே கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோர்ட் வாசல்

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்ட் எல்லாம் செல்லாது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள், அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் எடுக்கவும் பயிற்சி கொடுக்கவும் ஆன செலவு, தொகை நியாயமானதா, எல்லாம் பார்ப்பார்கள். அதனால் போடுவதற்கு முன்னால் தொகையைப் பாருங்கள்.

தென்னந்தோப்பு

இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன், எல்லாம் உண்மை, ஆனால் என் மனசுக்கு ஒன்று உறுத்துகிறது, அதை எழுதிவிடுகிறேன்.

2006ல் எனக்குப் பொறியியல் இடம் கிடைத்தது. அப்பா இல்லை. அம்மா சத்துணவு ஆயா. அப்போது கல்விக்கடன் 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் கேட்க மாட்டார்கள், எனக்கு விடுதியோடு சேர்த்து ஐந்துக்கு மேல் வந்தது, அதற்கு மூன்றாம் நபர் ஜாமீன் வேண்டும். சொந்தத்தில் ஐந்து வீடு ஏறி இறங்கினோம். ஒரு சித்தப்பா, "ஜாமீன் மட்டும் கேட்காதம்மா, வேறு எது வேணும்னாலும் கேள்" என்றார், அவர் கெட்டவர் கிடையாது, அவருக்கும் மேட்டுத்தெரு அண்ணனுக்கு நடந்தது போல ஏதாவது நடந்திருக்கும். கடைசியில் பெரியப்பா வந்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது, அவருக்கே இரண்டு பெண் பிள்ளைகள். வங்கியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு அவமானமாக இருந்தது, ஊழியர் வேறு அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் என்னிடம், "நீ கட்டலைன்னா என் பென்ஷன் பணத்துல கை வைப்பாங்க, அது தெரிஞ்சுதான் போடுறேன். சரியா?" என்று கேட்டுவிட்டுப் போட்டார்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை. வேலை கிடைத்த முதல் மாதத்திலிருந்து, தவணை கட்டியதும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டுவேன். வெளியூரில் இருந்தபோது அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பினேன். 2015ல் கடன் முடிந்தது. நிலுவை இல்லை என்று வங்கி கொடுத்த கடிதத்தில் ஒரு நகலை அவர் வீட்டுச் சாமி அறையில் வைத்திருந்தார், அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

யாருக்கும் ஜாமீன் போடாதே என்று எல்லாப் பெரியவர்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்னைப் போன்றவர்கள் படிக்க முடியாது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அதன் மறுபாதியையும் சொல்லுங்கள். உனக்காக ஒருவர் கையெழுத்து போட்டால், மாதாமாதம் அவர் கேட்கும் முன்னால் நீ போய்க் காட்டு.

மேட்டுத்தெரு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் பெரியப்பா படித்த அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் என் அக்கா மகனிடம் சொல்ல வந்தேன், ஆனால் என் வாயில் "போடாதே" என்றுதான் வந்திருக்கிறது. அன்றைக்கு அந்த அண்ணனிடம், கட்ட முடியாமல் போனால் என்ன செய்வோம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒருவேளை ஊரைவிட்டுப் போகும் முன் என்னிடம் வந்து பேசியிருப்பார். எனக்கு அவர்மேல் இருக்கும் வருத்தமே அவர் பேசாமல் போனதுதான்.

பழைய காசாளர்

நான் வங்கியில் 33 வருடம் இருந்து 2021ல் ஓய்வு பெற்றேன். எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

கையெழுத்து போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் டிக் போட்டு வைப்போம். ஆள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, இங்கே, இங்கே, இங்கே என்று விரலை வைப்போம். அவர் டிக்கை மட்டும் பார்ப்பார். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். வேகமாக வேலை முடிந்ததாக அதை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஜாமீன்தாரர்கள் என் மேசைக்கு முன்னால் என்ன போடுகிறோம் என்று தெரியாமல் போட்டிருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. யாராவது ஒருவர் "சார், இதைப் படித்துவிட்டுப் போடட்டுமா" என்று கேட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். என் பணிக்காலத்தில் அப்படிக் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இப்போது விதிகள் பரவாயில்லை, ஆனால் தெரிந்தால்தான் கேட்க முடியும். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் வாங்கும் தவணைக்கடன் எதுவானாலும் கே.எஃப்.எஸ் என்ற முக்கிய விவரத் தாளை வங்கியோ நிதி நிறுவனமோ கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் வருகிறது என்று அதில் இருக்கும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஏழு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட கடன் என்றால், அந்தத் தாளில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது 3 வேலை நாளுக்குச் செல்லும். அதாவது "இன்றைக்கே போட்டால்தான் இந்த வட்டி" என்று அவசரப்படுத்த அவர்களுக்கு இடமில்லை. மேட்டுத்தெரு ஒரு ராத்திரி கேட்கிறார், விதி மூன்று நாள் கொடுக்கிறது.

அடமானம் வைத்த கடன் முடிந்தால் 30 நாளில் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறை. வசூலுக்கு ஆள் அனுப்பினாலும் ஃபோன் செய்தாலும் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்கு அப்புறமும் கூடாது. அப்புறம், வருடத்துக்கு ஒரு தடவை முழு சிபில் அறிக்கையைக் காசு இல்லாமல் எடுக்கலாம். ஜாமீன் போட்டிருந்தால் கட்டாயம் எடுத்துப் பாருங்கள், அவர் தவணை விட்டது உங்களுக்கு முதலில் அதில்தான் தெரியும்.

மருதாணி

சார், என் அப்பா ஓய்வுப் பணத்தை எஃப்.டி. போடப் போய், டிக் போட்ட இடத்தில் கையெழுத்து போட்டுவிட்டு வந்தார். அடுத்த வருடம் ஒரு லட்சம் பிரீமியம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதுதான் அது இன்ஷூரன்ஸ் பாலிசி என்றே தெரிந்தது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சிறிது பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தருவார்கள், முன்பு 15 நாளாக இருந்தது. எங்களுக்கு அந்தக் கவரைப் பிரித்துப் பார்க்கவே தோன்றவில்லை. அது சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

ஒட்டகச்சாலை

சவூதி தம்மாமிலிருந்து எழுதுகிறேன், ஊர் ராமநாதபுரம் பக்கம். ஐடிஐ எலெக்ட்ரீசியன். பத்தாவது பாஸ் என்பதால் என் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை, அது அப்போது பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அனுமதி தேவைப்படுகிறவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை அரசாங்கத்தின் குடிபெயர்வு அலுவலகம் பார்க்கும், எனக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஊரில் போட்ட ஒப்பந்தத்தில் 1,800 ரியால். இங்கே வந்து இறங்கிய மூன்றாவது நாள், இக்காமாவுக்கு (இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) என்று சொல்லி அரபியில் நாலு தாள் நீட்டினார்கள். போட்டேன். அதில் ஒன்று புது ஒப்பந்தம், 1,200 ரியால். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் வட்டியோடு நிற்கிறது, திரும்பிப் போகவும் முடியாது.

இப்போது வருகிற தம்பிகளுக்கு, அவர்கள் கிளம்பும் முன்பே நான் ஃபோனில் சொல்கிறேன். ஊரில் போட்ட ஒப்பந்தத்தை ஒவ்வொரு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறு. இங்கே என்ன தாள் கொடுத்தாலும், படிக்கத் தெரியாது, நகல் கொடுங்கள், கேட்டுவிட்டு நாளைக்குப் போடுகிறேன் என்று சொல். அரபி படிக்கத் தெரிந்த மலையாளி ஒருவராவது கேம்ப்பில் இருப்பார். ஃபோனைக் காட்டினாலே இப்போது மொழிபெயர்த்துச் சொல்லிவிடுகிறது, 2012ல் எனக்கு அது இல்லை. பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே, அது இந்திய அரசின் சொத்து, இங்கே உள்ள சட்டப்படியும் முதலாளி அதை வாங்கி வைக்கக் கூடாது. எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் நகல் கையில் இருக்கிறவனிடம் அவர்கள் பேசுகிற விதமே வேறு.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில் இருந்து. இங்கே நாங்கள் பிணை நிற்கிறது என்று சொல்லுவோம். யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குள் நுண்கடன் கொடுக்க எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை. 2013ல் நானும் கையொப்பம் வைத்தேன். தையல் மெசின் வாங்க எனக்குக் கொஞ்சக் காசு தேவைப்பட்டது, அதை நான் கட்டி முடித்தேன். ஆனால் எங்கள் குழுவில் ஒரு பிள்ளை, கணவர் இல்லாதவர், அவரால் கட்ட முடியவில்லை. கிழமைக்கிழமை வசூலிக்க வருகிறவர் எங்கள் எல்லாரையும் அந்தப் பிள்ளையின் வீட்டு முற்றத்தில் கூட்டி இருத்திவிடுவார். அந்தப் பிள்ளை உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார், நாங்கள் வெளியே. காசுக்காகச் சினேகிதியின் வீட்டு வாசல் படலையில் போய் நின்றேன் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. 2018ல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, அதற்கு முன்னமே அவர் பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போய்விட்டார்.

வைகைக்கரை அக்கா எழுதினதைப் படிக்க இன்னொன்று நினைவு வந்தது. எங்களுக்கு, யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்கச் சட்டமான தேசவழமைச் சட்டம். காணி பெண்ணின் பெயரில் சீதனமாக வரும், ஆனால் கலியாணம் கட்டின பிறகு அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காணிப் பத்திரமான உறுதி என்னுடைய பெயரில் இருக்கு என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன், என் கையொப்பம் மட்டும் போதாது என்று உறுதி எழுதும் நொத்தாரிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது முதலே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே என்கிறார்.

இருபத்திரண்டு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது, ஓசூரில் வேலை. இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. என் ரூம்மேட் பைக் எடுக்கிறான், நாளை காலை 11 மணிக்கு ஷோரூமுக்கு வந்து ஜாமீன் கையெழுத்து போடச் சொல்கிறான். மாதம் 4,100, 36 மாதம். நல்ல பையன், எனக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தான். முடியாது என்று எப்படிச் சொல்வது? இந்த இழையைப் படிக்காமல் இருந்திருந்தால் நாளை போய்ப் போட்டிருப்பேன்.

தென்னந்தோப்பு

தம்பி, முடியாது என்று சொல்ல வேண்டாம். தாளை இன்று வாட்ஸப்பில் அனுப்பச் சொல், படித்துவிட்டு வருகிறேன் என்று சொல். 4,100ஐ 36ஆல் பெருக்கினால் 1,47,600. அவன் கட்டாவிட்டால் அதை உன்னால் கட்ட முடியுமா, கட்டினாலும் அவனோடு பேச முடியுமா என்று பார். முடியும் என்றால் தெரிந்தே போடு.

பழைய காசாளர்

அந்தத் தாளில் உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. ஜாமீன்தாரர் என்று இருக்கிறதா, இணை விண்ணப்பதாரர் என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் நீங்களும் முதல் நாளிலிருந்தே கடன் வாங்கியவர். நாளை உங்களுக்கு ஒரு கடன் வேண்டும் என்றால் அந்த 4,100 உங்கள் தவணையாகவும் கணக்கில் வரும்.

மேட்டுத்தெரு

தம்பி, அவனிடம் "அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே அப்பாவிடம் கேளுங்கள். எந்த வயதிலாவது யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறீர்களா என்று கேளுங்கள். வேறெதுவும் கேட்க வேண்டாம்.

இருபத்திரண்டு

நேற்று நடந்தது. தாளை அனுப்பச் சொன்னேன். முதலில் அவனுக்குக் கோபம், "என்னை நம்பலையாடா" என்றான். பத்து நிமிடம் கழித்து அனுப்பினான். என் பெயர் இணை விண்ணப்பதாரர் கட்டத்தில் இருந்தது. அவனுக்கும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, ஷோரூமில் இருக்கும் பைனான்ஸ் ஆள் அப்படி நிரப்பியிருக்கிறார். அதோடு அவனே கேட்காத ஒரு இன்ஷூரன்ஸ் 6,200 ரூபாய் கடனோடு சேர்த்திருந்தது. கே.எஃப்.எஸ் கொடுக்கவே இல்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணி வரை படித்தோம்.

காலையில் அப்பாவுக்கு ஃபோன் செய்து மேட்டுத்தெரு அண்ணா சொன்னதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "யார்டா உனக்குச் சொன்னது, அம்மாவா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா, நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஷோரூமுக்கு இன்று போகவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரும் நேராக நிதி நிறுவனத்தின் கிளைக்கே போய், விவரத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த இன்ஷூரன்ஸை எடுக்கச் சொல்லப் போகிறோம். என் பெயர் ஜாமீன் கட்டத்திலாவது இருக்க வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் அனுப்பியதில் ஐந்தாம் பக்கம் மங்கலாக இருக்கிறது, அதை மட்டும் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.